ரெண்டு பேட்டரி, ஒரே ஸ்விட்ச்

பெரிய ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானம் வைத்திருப்பவர் யாரிடமாவது, "மேலே பறந்துகொண்டிருக்கும்போது ரேடியோ செத்துப்போனால் என்ன ஆகும்?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, உள்ளே ரெண்டு ரிசீவர், ரெண்டு பேட்டரி இருக்கு!" ஜெர்மனியாக இருந்தாலும் அமெரிக்காவாக இருந்தாலும் இதே பதில்தான், மொழிதான் வேறு. சொல்லும்போதே முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பிரச்சினையே அந்த நிம்மதிதான்.

மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். ரெண்டு பேட்டரி இருக்கும், பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரு ஒய் கேபிளில் கூடி, ஒரே ஸ்விட்ச் வழியாக உள்ளே போகும். இல்லையென்றால் ஸ்விட்ச் இரண்டாக இருக்கும், அவை இரண்டும் ஒரே ரெகுலேட்டரில் போய் விழும். ரிசீவரும் ரெண்டு இருக்கும், இரண்டுக்கும் கரண்ட் வருவது ஒரே பிளக்கிலிருந்து. கடையில் இரண்டுக்குக் காசு கொடுத்தது நிஜம். விமானத்துக்குள் இருப்பது என்னவோ ஒன்றுதான்.

இந்த உலகம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெரிய மாடல் என்றால் மூன்று மீட்டர் இறக்கை, இருபது கிலோ எடை, 100 முதல் 200 சி.சி. பெட்ரோல் என்ஜின் அல்லது குட்டி ஜெட் டர்பைன். கீழே நிற்பவர் கையில் டிரான்ஸ்மிட்டர். விமானத்துக்குள் ரிசீவர். ரிசீவர் சொல்வதைக் கேட்டு இறக்கையையும் வாலையும் அசைக்கும் சின்ன மோட்டார்களுக்கு சர்வோ என்று பெயர். பெரிய விமானத்தில் பத்துப் பன்னிரண்டு சர்வோ இருக்கும். எல்லாவற்றுக்கும் சோறு போடுவது பேட்டரி. என்ஜின் நின்றால்கூட விமானம் மிதந்தபடி இறங்கிவிடும், ஓட்டுபவர் கையில் இன்னும் கட்டுப்பாடு இருக்கும். பேட்டரி நின்றால் அது விமானமே இல்லை, எறிந்த கல்.

எறிந்த கல் என்றால் எவ்வளவு பெரிய கல்? 25 கிலோ எடை, வினாடிக்கு 40 மீட்டர் வேகம் (மணிக்கு 144 கி.மீ.) என்று வைத்துக்கொண்டால் அதன் இயக்க ஆற்றல் 20,000 ஜூல். பிளஸ் ஒன் இயற்பியல்தான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். சுமார் 650 கிலோ எடையுள்ள ஒரு மாருதி 800 மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். காருக்காவது முன்னால் பம்பர் இருக்கிறது, இதற்கு முன்னால் சுழல்வது புரொப்பெல்லர். வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள் நிற்பது மைதானத்தின் ஓரத்தில்.

சரி, சட்டம் எதற்கு இருக்கிறது? ஐரோப்பிய விதிகளில் சாதாரணப் பிரிவின் உச்ச வரம்பு 25 கிலோ. அமெரிக்காவில் 55 பவுண்டு, அதுவும் ஏறத்தாழ அதே கணக்குதான். இந்தியாவில் 2021-ம் வருட டிரோன் விதிகள் 25 கிலோ வரையுள்ள மாடல்களுக்கு டைப் சர்டிஃபிகேட் தேவையில்லை என்கின்றன. அதாவது, வரம்புக்கு மேலே போனால்தான் தனி அனுமதி, ஆய்வு எல்லாம். அதனால் 24.9 கிலோவில் கட்டுவது ஒரு கலையாகவே ஆகிவிட்டது. 25.1 கிலோ விமானத்தின் ஒயரிங்கை யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். 24.9 கிலோ விமானத்தின் ஒயரிங்கைக் கட்டியவரைத் தவிர யாரும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. 200 கிராம் குறைந்ததால் 20,000 ஜூல் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது அந்த ரெண்டு ரிசீவர் விஷயம். 2000-களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்தன. அதற்கு முன்னால் இருந்த 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் பக்கத்தில் ஒருவர் அதே சேனலில் ஆன் செய்தால் இவர் விமானம் விழும், அதனால் குறுக்கீடு என்றாலே பயம். புது ரேடியோக்கள் அந்தப் பயத்தைப் போக்கின. வேறொன்றைக் கொண்டுவந்தன. புது ரிசீவருக்குள் இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே ஒரு கணம் சரிந்தாலும் அது ரீபூட் ஆகிவிடும். ஆரம்ப கால மாடல்கள் சில, ரீபூட் ஆகி டிரான்ஸ்மிட்டரை மறுபடி தேடிப் பிடிக்க சில வினாடிகள் எடுத்துக்கொண்டன. மூன்று வினாடி என்றே வையுங்கள், விமானம் 120 மீட்டர் போயிருக்கும். பெரும்பாலும் கீழ்நோக்கி!

விழுந்த விமானத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர் என்ன சொன்னார்? "சிக்னல் போச்சு." பேட்டரியை அளந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் இப்போது அதன் மேல் சுமை இல்லை. நான்கு செல் நிக்கல் பேட்டரி, மெல்லிய ஒயர், சாதாரண ஸ்லைடு ஸ்விட்ச். இதன் வழியாகப் பத்து டிஜிட்டல் சர்வோ ஒரே நேரத்தில் கரண்டை இழுத்தால் மின்னழுத்தம் சரியாமல் என்ன செய்யும்? ஒரு பெரிய சர்வோ முட்டி நின்றால் அது மட்டுமே 5 ஆம்பியர் இழுக்கும், சிலது அதற்கும் மேலே. வழக்கமான சர்வோ பிளக் நிம்மதியாகத் தாங்குவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, வியாதி வயிற்றில். மருந்து காதுக்கு. சிக்னல் போச்சு என்று முடிவு கட்டியவர் இரண்டாவது ரிசீவர் வாங்கிப் போட்டார், அதையும் அதே பட்டினி கிடக்கும் ஒயரில் சொருகினார். அடுத்த முறை மின்னழுத்தம் சரிந்தபோது இரண்டு ரிசீவரும் ஒரே கணத்தில் ரீபூட் ஆயின. ஒன்றுக்கு ஒன்று துணை!

எண்ணிக்கையை வைத்து ஏமாறுவது மாடல்காரர்கள் மட்டும் இல்லை. 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து நாசாவுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855 ஒரு லாக்ஹீட் டிரைஸ்டார், மூன்று என்ஜின். மூன்றில் ஒன்று போனால் இரண்டு இருக்கிறது, இரண்டு போனால் ஒன்று இருக்கிறது. மூன்றும் தனித்தனியாகக் கெட வேண்டுமென்றால் அந்த வாய்ப்பு நினைத்தே பார்க்க முடியாத அளவு சிறியது. ஆனால் முந்தைய இரவு பராமரிப்பில், எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னப் பாகத்தை மாற்றியபோது, அதில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் போடப்படவில்லை. ஒரு என்ஜினில் மட்டும் இல்லை, மூன்றிலும். அதே ஷிஃப்ட், அதே வேலை, அதே தவறு. மூன்று என்ஜினிலிருந்தும் எண்ணெய் ஒழுகியது. ஒன்றை பைலட்டுகளே நிறுத்தினார்கள், மற்ற இரண்டும் தானாக நின்றன. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில், முதலில் நிறுத்திய என்ஜினை மறுபடி உயிர்ப்பித்து, அந்த ஒற்றை என்ஜினோடு மயாமியில் இறங்கினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள். இரட்டை என்ஜின் விமானங்கள் கடல் தாண்டிப் போவதற்கான பராமரிப்பு விதிகளில், ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு என்ஜினிலும் ஒரே வேலையைச் செய்வதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த ரப்பர் வளையத்தை மாடல் விமானத்துக்குள் தேடினால் கை நிறையக் கிடைக்கும். இரண்டு பேட்டரியும் ஒரே நாள் வாங்கியவை, ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. இரண்டையும் ஒரே சார்ஜர், ஒரே தப்பான செட்டிங்கில் சார்ஜ் செய்தது. இரண்டு பிளக்கையும் ஒரே இரவில், ஒரே தூக்கக் கலக்கத்தில், ஒரே ஆள் சால்டர் செய்தார். இரண்டு பேட்டரியும் ஒரே பிளைவுட் தட்டில், ஒரே வெல்க்ரோ பட்டையில். என்ஜின் அதிர்வில் அந்தத் தட்டு பிய்த்துக்கொண்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு. ஒரு பறத்தலில் ஒரு பேட்டரி கெடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் கெடும் என்றால், ஒரே பறத்தலில் இரண்டும் போகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. கேட்கவே இனிக்கிறது. ஆனால் கெடுவதற்கான காரணங்களில் பத்தில் ஒன்று பொதுவானது (அதே ஸ்விட்ச், அதே சார்ஜர்) என்றால், இரண்டும் சேர்ந்து போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். நூறு மடங்கு மோசம்! இரண்டாவது பேட்டரியைத் தங்கத்தில் செய்து வைத்தாலும் இந்த எண் அசையாது. ஸ்விட்சை மாற்றினால்தான் அசையும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. காரில் இருக்கும் ஸ்டெப்னியை நினைத்துப் பாருங்கள். டயர் பஞ்சராகி, ராத்திரி பதினொரு மணிக்கு, திண்டிவனம் தாண்டி, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுக்கும்போதுதான் அதில் காற்றே இல்லை என்று தெரியும். அது என்றைக்குக் காற்றை விட்டது? யாருக்கும் தெரியாது. தெரியாத அத்தனை நாளும் அந்தக் காரில் நான்கு டயர்தான் இருந்தது, ஓட்டியவர் மனதில் மட்டும் ஐந்து.

இரண்டு பேட்டரி விமானமும் இப்படித்தான். ஒன்று செத்துவிட்டால் மற்றது சத்தமில்லாமல் வேலையை எடுத்துக்கொள்ளும், அதற்காகத்தானே வைத்தது. விமானம் வழக்கம்போல எழும்பும், சுற்றும், இறங்கும். ஒரு ஸ்விட்ச் உள்ளுக்குள் கரிந்துபோய் மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. மேலே போட்ட அதே கணக்கில், நூறு பறத்தலுக்கு ஒரு தடவைதான் சரிபார்ப்பது என்று வைத்தால், இரண்டில் ஒன்று ஏற்கெனவே செத்துக் கிடப்பதற்கான வாய்ப்பு சராசரியாகப் பத்து சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். பத்து லட்சத்தில் ஒன்று மறுபடியும் பத்தாயிரத்தில் ஒன்றாகச் சரிந்துவிட்டது. இம்முறை பொதுக் காரணம்கூடத் தேவைப்படவில்லை, சோம்பேறித்தனமே போதும்.

இப்போதைய ரேடியோக்களில் டெலிமெட்ரி வழியாக ஒவ்வொரு பேட்டரியின் மின்னழுத்தத்தையும் கையிலேயே பார்க்கலாம், எல்லை தாண்டினால் கத்தவும் செய்யும். அந்த அலாரம் காதைக் குடைகிறது என்று அணைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்வது?

ஏற்பாடுகள் இரண்டு வகை. ஒன்று, கடையில் கிடைக்கும் பவர் பெட்டி. இரண்டு பேட்டரி, இரண்டு ரெகுலேட்டர், இரண்டு ரிசீவர் எல்லாம் ஒரு பெட்டியில் வந்து கூடி, அங்கிருந்து எல்லா சர்வோவுக்கும் போகும். ஒரு ரிசீவர் சிக்னலை இழந்தால் பெட்டி மற்றதற்கு மாறும். இரண்டாவது வகை பழையது, அழகு குறைவு: விமானத்தையே நடுவில் பிளந்துவிடுவது. இடது ஏலரான், எலிவேட்டரின் இடது பாதி, த்ராட்டில் எல்லாம் முதல் ரிசீவர், முதல் பேட்டரி, முதல் ஸ்விட்ச். வலது ஏலரான், எலிவேட்டரின் வலது பாதி, ரட்டர் எல்லாம் இரண்டாவது ரிசீவர், இரண்டாவது பேட்டரி, இரண்டாவது ஸ்விட்ச். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர்கூடக் கிடையாது.

பெட்டிதான் நவீனம், பிளப்பது பாட்டன் காலத்து முறை என்று பேசுகிறார்கள். உண்மையில் பிளந்த விமானத்துக்கு ஒரு பெரிய நேர்மை இருக்கிறது. அதில் ஸ்டெப்னியே கிடையாது. இரண்டு பாதியும் ஒவ்வொரு பறத்தலிலும் வேலை செய்தாக வேண்டும். ஒரு பாதி செத்திருந்தால் தரையில் ஸ்டிக்கை ஆட்டிப் பார்க்கும்போதே பாதி வால் அசையாமல் காட்டிக்கொடுத்துவிடும். மறைந்திருக்க அதற்கு இடமில்லை. குறை இல்லாமல் இல்லை. ஆகாயத்தில் ஒரு பாதி செத்தால் அந்தப் பக்கத்து சர்வோக்கள் தளர்ந்துவிடும், பெரிய ஏலரான் உள்ள சாகச விமானங்களில் அது காற்றில் படபடத்து இறக்கையையே உடைக்கலாம். மிச்சமிருக்கும் பாதி மட்டும் விமானத்தை இறக்கப் போதுமா என்பதையும் கட்டும்போதே யோசித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட விமானங்களுக்குப் பெட்டிதான் சரி, ஏனென்றால் ஒரு பேட்டரி போனாலும் எல்லா சர்வோவிலும் உயிர் இருக்கும். ஆனால் பெட்டி வைத்தவர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாக இருந்த எல்லாவற்றையும் அவர் ஒரே சர்க்யூட் போர்டில் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்.

பெட்டிக்காரர்கள் விழும் குழி இன்னொன்று இருக்கிறது, ஃபெயில்சேஃப். சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்குச் சொல்லி வைக்கலாம்: த்ராட்டிலைக் குறை, மற்றதை நடுவில் வை என்று. தனி ரிசீவருக்கு அது நல்ல ஏற்பாடு. பெட்டியோடு சேர்த்தால் சில கூட்டணிகளில் விபரீதம். முதல் ரிசீவர் சிக்னலை இழக்கிறது, ஆனால் சொல்லி வைத்தபடி ஒழுங்காக ஒரு கட்டளையை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பெட்டி பார்க்கிறது: கட்டளை வருகிறது, ஆள் உயிரோடுதான் இருக்கிறார். பக்கத்தில் இரண்டாவது ரிசீவர் முழு சிக்னலோடு சும்மா உட்கார்ந்திருக்கும், அதைக் கேட்பார் இல்லை. இப்படி ஆகாமல் இருக்க எந்த ரிசீவரில் எதை எப்படி வைக்க வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். கையேடு பெட்டியோடு பெட்டியாக அலமாரியில் இருக்கும்.

பேட்டரி அளவிலும் இதே கதை. இரண்டு பேட்டரி இருக்கிறதே என்று ஒவ்வொன்றையும் சின்னதாக வாங்குவது. ஒன்று போனால் மொத்த சுமையும் மற்றதன் தலையில், ஒரே நொடியில் இரு மடங்கு. அது தாங்காமல் மின்னழுத்தம் சரியும், ரிசீவர் ரீபூட். அப்படியானால் முதல் பேட்டரி கெட்டதே இரண்டாவதையும் கொன்றுவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு பேட்டரியும் தனியாளாக நின்று முழுப் பறத்தலையும், அதன் உச்ச சுமையையும் தாங்க வேண்டும். தாங்காது என்றால் அவை இரண்டு பேட்டரி இல்லை, ஒரே பேட்டரியின் இரண்டு துண்டு. (நடுவில் டையோடு இல்லாமல் இரண்டையும் நேராக இணைத்து வைப்பவர்கள், ஒன்றில் ஒரு செல் ஷார்ட் ஆனால் மற்றது தன் கரண்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று யோசித்துப் பார்க்கட்டும்.)

எதிர்க்கட்சியும் உண்டு. "பொருள் கூடக் கூடக் கோளாறும் கூடும். ஒரு நல்ல பேட்டரி, ஒரு நல்ல ஸ்விட்ச், ஒரு நல்ல ரிசீவர் போதும்" என்பார்கள். பாதி உண்மை. இரண்டு பேட்டரி இருந்தால் ஏதோ ஒரு பேட்டரி கெடுவது இரு மடங்கு அடிக்கடி நடக்கும், மறுக்கவே முடியாது. மூன்று கிலோ விமானத்துக்கு அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சரிபார்க்காத இரண்டைவிட, ஒவ்வொரு முறையும் சரிபார்த்த ஒன்று மேல் என்பதும் சரி. ஆனால் 20 கிலோ விமானத்தில் ஒற்றை ஸ்விட்ச் கெட்டால் அடுத்த வாய்ப்பே இல்லை என்ற இடத்தில் அந்த வாதம் நின்றுவிடுகிறது. எல்லாம் சரியாக இருக்கும் வரைக்கும்தான் எளிமை அழகு.

அப்படியே எல்லாவற்றையும் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும்: இரண்டு ரிசீவரிலும் ஓடுவது ஒரே கம்பெனியின் ஒரே மென்பொருள். 1996 ஜூன் 4 அன்று வெடித்த முதல் ஏரியான் 5 ராக்கெட்டில் திசை காட்டும் கருவிகள் இரண்டு இருந்தன, இரண்டிலும் ஒரே மென்பொருள். மாற்றாக வைத்த கருவி 72 மில்லி செகண்ட் முன்னால் செத்தது, முதன்மைக் கருவி அதே காரணத்துக்காகப் பின்னால் செத்தது. ஒரே டிரான்ஸ்மிட்டரோடு பேச வேண்டிய மாடலில் இரண்டு கம்பெனி ரிசீவரைக் கலப்பது லேசில் முடியாது. சில கம்பெனிகள் 2.4 கிகாஹெர்ட்ஸோடு 900 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துத் தருகின்றன, அலைவரிசை அளவிலாவது வித்தியாசம் கிடைக்கும். டிரான்ஸ்மிட்டர் அப்போதும் ஒன்றுதான், அதைப் பிடித்திருக்கும் கையும் ஒன்றுதான்.

2019 ஜூலை 4-ல் இங்கிலாந்தின் குட்வுட்டில் 95 கிலோ எடையுள்ள ஆளில்லா ஏர்ஸ்பீடர் ஒன்று கட்டுப்பாட்டை இழந்தது. அவசரத்துக்கு என்று வைத்திருந்த நிறுத்து பட்டனை அழுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அது பாட்டுக்கு 8,000 அடி வரை ஏறியது, கேட்விக் விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் காத்திருந்து வட்டமிடும் வான்பரப்புக்குள் போனது. கடைசியில் பேட்டரி தீர்ந்து, ஆள் குடியிருந்த வீடுகளிலிருந்து சுமார் 40 மீட்டரில் ஒரு வயலில் விழுந்தது. பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு, அது அங்கீகரிக்கத்தக்க எந்தப் பொறியியல் தரத்துக்கும் ஏற்ப வடிவமைக்கப்படவோ, கட்டப்படவோ, சோதிக்கப்படவோ இல்லை என்று எழுதியது. மாற்று ஏற்பாடு அதிலும் இருந்தது. தேவைப்பட்ட அன்றைக்கு அது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சோதனை என்பது பெரிய வித்தை இல்லை. விமானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லாம் ஆன் செய்து, முதல் பேட்டரியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எல்லா ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் வேகமாக ஆட்ட வேண்டும், மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் (தரையில் காற்றின் எதிர்ப்பு இல்லை, மேலே இன்னும் அதிகமாக இறங்கும்). திரும்பச் சொருகிவிட்டு இரண்டாவது பேட்டரி, பிறகு முதல் ரிசீவர், பிறகு இரண்டாவது. ஐந்து நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை. ஆனால் இதைச் செய்யச் சொன்னால் பலருக்கு முகம் மாறும். "அதை எதுக்கு இப்போ பிடுங்கணும், நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு?"

கிளப்புகளில் பறப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கட்டும், எடை 25 கிலோவோ, 24.9-ஓ, 15-ஓ. எந்தப் பிளக்கைப் பிடுங்குவது என்பதை விமானத்தின் சொந்தக்காரர் முடிவு செய்யக்கூடாது. பாதுகாப்புப் பொறுப்பாளர் வந்து, தனக்குத் தோன்றியதைப் பிடுங்கட்டும். விமானம் அசைந்தால் மேலே போகலாம், இல்லையென்றால் வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.